சின்னச் சபை என்றால் கேள்வி கேட்கக் கூடாதா?

எங்கள் கோயில் ஞாயிறு கூட்டத்தில் ஒரு தம்பி கேள்வி கேட்க எழுந்தான். "நாங்கள் சின்னச் சபை, இதெல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீர் இரும்" என்று இருத்திவிட்டார்கள். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் மெட்ரோபொலிட்டனை, அதாவது ஆயர்களுக்கு மேலான தலைமைப் பேராயரை, தெரிவு செய்வதில் எங்களுக்கு என்ன பங்கு?

சரி, பதிலை நான் சொல்கிறேன். அநேகமாக ஒன்றுமில்லை. அங்கிலிக்கரான எங்கள் இலங்கைத் திருச்சபைக்கு இருப்பது கொழும்பு, குருநாகல் என்று ஆளுக்கொரு ஆயரோடு இரண்டு மறைமாவட்டம்தான். தன்னைத் தானே ஆளும் அங்கிலிக்கன் சபைப் பிரிவை மாகாணம் என்பார்கள்; அப்படி எந்த மாகாணத்திலும் நாங்கள் சேர்த்தியில்லை, அதனால் இங்கிலாந்தின் கன்டர்பரி பேராயர்தான் எங்களுக்கு மெட்ரோபொலிட்டன். அவரைத் தெரிவு செய்வது இங்கிலாந்தில் ஓர் ஆணைக்குழு, பெயர் பிரதமர் வழியாக மன்னருக்குப் போகும். 2022இல் விதியை மாற்றி உலகத்திலுள்ள மற்ற அங்கிலிக்கன் சபைகள் எல்லாவற்றுக்குமாக அந்த ஆணைக்குழுவில் ஐந்து இடம் கொடுத்தார்கள். அதில் எங்களுக்கென்று ஒரு கதிரைகூட உறுதியில்லை.

கன்டர்பரி பேராயராக இருந்த வெல்பி விலகியதை நாங்கள் செய்தியில்தான் பார்த்தோம். 2025 முழுக்க எங்கள் கோயிலில் மன்றாட்டு வாசிக்கும் அக்கா பேராயர் பெயர் வரும் இடத்தில் ஒரு கணம் நின்று, பெயரில்லாமலே கடந்துபோவார். அச்சடித்த தாளில் பழைய பெயரைப் பேனையால் வெட்டியிருந்தது.

"அவர் அன்றாட விஷயத்தில் தலையிடுவதில்லையே" என்பார்கள். உண்மை, எங்களுக்குச் சொந்த யாப்பு இருக்கிறது. ஆனால் கொழும்பு ஆயர் தெரிவில் தேவையான பெரும்பான்மை யாருக்கும் கிடைக்காவிட்டால் முடிவு எங்கே போகிறது? 2020இல் பெயர் கன்டர்பரியிலிருந்துதான் வந்தது. வந்த ஆயரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் வீட்டு விஷயத்தை நாங்களே இருந்து பேசி முடிக்கவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

நாங்களும் தனி மாகாணமாகி எங்கள் தலைவரை நாங்களே தெரிவு செய்யலாமே என்றால், "காசு இல்லை, ஆள் இல்லை" என்கிறார்கள். பர்மாக்காரர் 1970இலேயே தனி மாகாணமாகிவிட்டார்கள், அவர்கள் என்ன பணக்காரரா? அதே 1970 வரை இந்தியா, பாகிஸ்தான், பர்மாவோடு ஒரே மாகாணமாக இருந்த எங்களுக்கு மெட்ரோபொலிட்டன் கல்கத்தாவில் இருந்தார். கடைசியாக அந்தப் பதவியில் இருந்தவர் யார்? குருநாகலின் முதல் ஆயர், எங்கள் லக்தாச த மெல். ஓர் இலங்கையர் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் சேர்த்துத் தலைவராக இருந்திருக்கிறார், இப்போது எங்களுக்கே எங்களில் ஒருவர் போதாதாம்.

உள்பெட்டியில் ஒருவர் எழுதியதுதான் நெஞ்சில் தைத்தது. "தலைமை இங்கே வந்தால் சிங்களவர் கைக்குப் போய்விடும், கன்டர்பரி இருந்தால் தமிழருக்குப் பாதுகாப்பு." அண்ணை, எந்தப் பாதுகாப்பு? போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் எங்களோடு பங்கருக்குள் இருந்தது இங்கேயுள்ள குருமார். பயம் எனக்கும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அப்படியென்றால் வடக்கு கிழக்குக்கு ஒரு மறைமாவட்டம் கேளுங்கள், மலையகத்துக்கு ஒன்று கேளுங்கள். மாகாணமாக நாலு மறைமாவட்டம் வேண்டும் என்றுதானே சொல்கிறார்கள்?

அதைவிட்டு, கூட்டத் தாளை ஆங்கிலத்தில் மட்டும் அனுப்புகிறீர்கள். காலமெல்லாம் ஞாயிறு பாடசாலை நடத்திய என் சித்தி அதைப் பேரனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். அவரும் இந்தச் சபைதான். அந்தத் தம்பியும் இந்தச் சபைதான். அடுத்த கூட்டத்தில் அவன் கேள்வியை நிகழ்ச்சி நிரலில் போடுங்கள், தாளைத் தமிழிலும் அடியுங்கள்.