முக்கால் மணி நேரம் பார்த்தோம், சுடவில்லை

கரடியை எதற்காகச் சுட வேண்டும் என்று கேட்கும் நண்பர்களுக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை என்றாலே குற்றம் என்று அறிந்து வளர்ந்தவன் நான். துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனாலும் சென்ற மே மாதம் அமெரிக்காவின் மேற்கு மொன்டானாவில், உடன் வேலை பார்ப்பவரோடு கருங்கரடி வேட்டைக்கு மலையேறினேன். மூட்டை தூக்கத்தான்.

வேட்டை என்றால் நடை என்று நினைத்திருந்தேன். பெரும்பாலும் உட்கார்ந்திருப்பதுதான். குளிர்கால உறக்கம் முடிந்து வெளியே வரும் கரடி புல்லைத் தேடும். பனி முதலில் உருகுவதும் புல் முதலில் தலைகாட்டுவதும் தெற்குப் பார்த்த சரிவுகளில். பள்ளத்தாக்குக்கு இப்பால் அமர்ந்து எதிர்ச்சரிவை பைனாகுலரால் துழாவ வேண்டும். மூன்று மணி நேரத்தில் நான் நான்கு கரடிகளைக் கண்டுபிடித்தேன். நான்கும் கருகிய அடிமரங்கள்.

மாலை ஆறரைக்கு நண்பர் என் தோளைத் தொட்டார். இலவங்கப்பட்டை நிறத்தில் ஒன்று, மாடுபோல மேய்ந்துகொண்டிருந்தது. பெயர்தான் கருங்கரடி, அங்கே பழுப்பும் செம்பட்டையும் சாதாரணம். சட்டப் பாதுகாப்பில் உள்ள கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடியும் அந்த மாநிலத்தில் உலவுவதால் நிறத்தை நம்பக் கூடாது. தோளில் திமில் இருக்கிறதா, முகம் குழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த அடையாளத் தேர்வில் தேறினால்தான் கரடி லைசென்ஸே.

திமில் இல்லை. காற்று எங்கள் முகத்தில் அடித்தது. எங்கள் வாடை அதற்குப் போகாது. "கிட்டப் போகலாமா?" என்றேன். "பொறு" என்றார். முக்கால் மணி நேரம் கழித்துப் புதரிலிருந்து கறுப்பாக ஒரு குட்டி உருண்டு வந்தது. குட்டியோடு இருக்கும் தாயைச் சுடுவது குற்றம். அவர் ஒன்றும் சொல்லாமல் ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றினார்.

பக்கத்து ஐடஹோவில் இரை வைத்துக் கரடியை வரவழைக்கலாம். மொன்டானாவில் அதற்குத் தடை. நாய்களை விட்டு விரட்ட மட்டும் 2021இல் அனுமதித்துவிட்டார்கள். பக்கத்தில் வந்தால் ஆணா, தாயா என்று தெளிவாகத் தெரியுமே என்பார்கள் இரை வைப்பவர்கள். பொய்யல்ல. இருந்தும் என் ஓட்டு, கண்ணால் தேடிப் பதுங்கிச் செல்லும் முறைக்கே. காற்று ஒரு முறை திரும்பினால் போதும், கரடி போய்விடும். கொலையை ஏற்காத என்னால் இதையாவது மதிக்க முடிகிறது.

இரண்டு வாரம் கழித்து அவருக்கு ஓர் ஆண் கரடி கிடைத்தது. ஒரு பொட்டலம் கறி கொடுத்தார். 71 டிகிரி செல்சியஸ்வரை வேக வேண்டும், அதிலிருக்கக்கூடிய புழு ஃப்ரீஸரில் வைத்தாலும் சாகாது என்று இரண்டு முறை எச்சரித்தார். மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தேன். வீட்டில் யாரும் தொடவில்லை. நான் தின்றேன்.