192 கண்ணிகள்

1/35 அளவில் இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானிய டைகர்-1 டாங்கியின், துண்டுகளை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, தொடக்ககால வண்டியா, 1944-இல் எஃகுச் சக்கரங்களோடு வந்த பிற்கால வண்டியா என்று பல இரவுகள் ஆராய்ந்த நான், சங்கிலிப் பட்டை எத்தனை துண்டுகளாக வருகிறது என்பதை மட்டும் பார்க்கத் தவறிவிட்டேன். பக்கத்துக்கு 96 கண்ணிகள், ஆக மொத்தம் 192. ஒவ்வொன்றையும், துண்டுகள் பிணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்து நறுக்கி, நறுக்கிய இடத்தில் துருத்தும் பிசிறை அரத்தால் தேய்த்து, பசை முழுதும் காய்வதற்குள் வரிசையாகக் கோத்து, சக்கரங்களின் மேல் இயல்பாகத் தொய்யும்படி வளைத்தாக வேண்டும். (சில பெட்டிகளில் ஒரே துண்டாக வரும் ரப்பர் பட்டை அப்படித் தொய்யாது என்று ஏளனம் பேசியவனும் நானேதான்.) நேற்றிரவு 96-ஆவது கண்ணியையும் ஒட்டி நிமிர்ந்த பிறகுதான், முழுப் பட்டையையும் முன்பின்னாக மாட்டியிருப்பது கண்ணில் பட்டது, பசையோ அதற்குள் இறுகிவிட்டிருந்தது.