அந்தக் கவுன்ட்டியை வெட்டியிருக்கக் கூடாது

மூன்று நாளாக எழுத வேண்டாம் என்றுதான் அடக்கிக்கொண்டிருந்தேன். படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், நம் ஊர் வாட்சப் குழுவில் சுற்றியதுதான். நம் தோட்டத்தில் ரப்பர் பால் சேர்க்கிற பழைய பால் ஸ்டோருக்குப் பின்னால் நின்ற கவுன்ட்டி டிராக்டரை கேஸ் வைத்து நாலாக அறுத்து லோரியில் ஏற்றுகிறார்கள். கீழே ஒருவர் "இடம் சுத்தமாச்சு" என்று எழுதிக் கைதட்டல் வேறு போட்டிருக்கிறார். யார் விற்றது, யார் தலையாட்டியது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அதை வெட்டியிருக்கக் கூடாது.

"பழைய டிராக்டர்தானே, இந்தப் பக்கம் தேடினால் பத்து கிடக்கும்" என்கிறார்கள். கிடக்காது, என் ஆத்திரமே அதுதான். சாம்பல் நிறத்தில் சின்னதாக இருக்குமே ஃபெர்குசன், அதை 1946இலிருந்து 1956 வரை 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். எட்மண்ட் ஹில்லரி 1958 ஜனவரியில் தென் துருவத்துக்கு ஓட்டிப் போனதும் அந்த ரகம்தான். அது இன்றைக்கும் தேடினால் அகப்படும். இங்கே நின்றது அது இல்லை. ஃபோர்ட்சன் சூப்பர் மேஜர் என்ற டிராக்டரை எடுத்து, இங்கிலாந்தில் ஃப்ளீட் என்ற ஊரில் இருந்த கவுன்ட்டி கம்பெனி நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி மாற்றிக் கட்டிய வண்டி. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே உயரம். சின்ன வயசில் எங்களுக்கு அது டிராக்டராகவே தெரியாது, ஏதோ மிருகம் மாதிரி நிற்கும்.

அதன் அடியில் படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அருமை தெரியும். நாலு சக்கரமும் இழுக்கிற மற்ற வண்டிகளில் முன் சக்கரங்களைச் சுழற்ற ஒரே ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, முன்னால் போகும். இதில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு. அந்தந்தப் பக்கத்து முன் சக்கரத்தை அந்தந்த ஷாஃப்ட் சுழற்றும். இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்ற வைக்கிற பூட்டு டிஃப் லாக், அதைப் போட்டால் நாலும் சேர்ந்து இழுக்கும். நம் கோல சிலாங்கூர் சேற்று மண்ணை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1917இல் தென்னமரத் தோட்டத்தில் மலேசியாவிலேயே முதல்முதலாகச் செம்பனையை வியாபாரத்துக்கு நட்டது நம் மாவட்டத்தில்தான், அன்றிலிருந்து குலையைச் சேற்றிலிருந்து வெளியே கொண்டுவருவதுதான் நம் ஆட்களின் பாடு. மழை விட்ட மறுநாள் மற்ற டிராக்டர் அச்சு வரை புதைந்தால் கவுன்ட்டியைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கம்பெனியே 1983இல் நொடித்துப் போய்விட்டது. இனிமேல் யார் செய்து தருவார்கள்?

அதை ஓட்டியவர் என் அப்பா. இதைச் சொல்லாமலே எழுதிவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

டீசல் தீர்ந்து நின்றுவிட்டால் அந்த எஞ்சின் டீசல் ஊற்றினால் மட்டும் கிளம்பாது, பைப்பில் காற்று ஏறியிருக்கும். எனக்கு ஒன்பது வயது இருக்கும். பம்ப்பின் கைப்பிடியை என்னை அடிக்கச் சொல்லிவிட்டு அப்பா திருகாணியைத் தளர்த்திப் பிடித்திருப்பார். முதலில் நுரையாக வரும், அப்புறம் காற்று முட்டை முட்டையாக, அப்புறம் தெளிந்த டீசல் நூல் மாதிரி இறங்கும். "முட்டை நின்னுச்சா?" என்று கேட்பார். "நின்னுச்சுப்பா" என்று நான் சொன்ன பிறகுதான் திருகாணியை இறுக்குவார். அவருக்கே தெரியும், ஆனாலும் என்னைக் கேட்பார். இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்ட மனுஷன். துரை பங்களா கார் நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

"வெள்ளைக்காரன் வண்டி, கூலிக்காரன் காலத்துச் சின்னம், அதை எதற்குக் காப்பாத்தணும்" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தம்பி, துரை அதன்மேல் ஒரு நாளும் ஏறி உட்காரவில்லை. விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து இருட்டோடு ஏறி உட்கார்ந்தது நம் ஆள். துரை பங்களாவைப் பாருங்கள், வெள்ளையடித்து அழகாக இருக்கிறது, கல்யாணப் படம் எடுக்கப் போகிறீர்கள். நம் ஆட்கள் குடியிருந்த லயத்தை இடித்தாயிற்று. கோயிலையும் நகர்த்தியாயிற்று. நம் கை பட்டது என்று அந்த ஊரில் மிச்சமிருந்தது எது, சொல்லுங்கள்?

"பிள்ளைகள் படிப்புக்குச் செலவு செய்யலாமே" என்பவர்களுக்கு ஒன்றுதான். அதன்மேல் ஒரு கூரை போட நாலு கம்பமும் ஆறு தகரமும் கேட்டேன். ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை, பளபளவென்று பெயின்ட் அடிக்கவும் சொல்லவில்லை. ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, சிலிண்டரில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, புகைபோக்கி வாயை ஒரு டின்னால் மூடியிருந்தால் இன்னும் இருபது வருஷம் நின்றிருக்கும். கூரைச் செலவை நானே ஏற்கிறேன் என்று இரண்டு தடவை நேரில் போய்ச் சொன்னேன். இரண்டு தடவையும் "பார்க்கலாம் அண்ணே" என்றார்கள். "அப்படி ஆசை இருந்தால் நீங்களே வாங்கியிருக்கலாமே" என்று இப்போது எழுதுகிறார்கள். விற்கப் போகிறோம் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா? கிலோ கணக்கில் நிறுத்திருக்கிறீர்கள். அந்த விலைக்கு மேல் போட்டு நான் வாங்கியிருக்க மாட்டேனா?

கிளட்ச் மிதியின் இடது ஓரம் மட்டும் தேய்ந்து பள்ளமாக இருக்கும். அப்பா செருப்புப் போட்டு ஓட்டியதில்லை. இத்தனை வருஷம் மழையில் நின்று துருப்பிடித்த பிறகும் கை வைத்தால் அந்தப் பள்ளம் தெரியும். போன தீபாவளிக்கு என் மகளைக் கூட்டிப்போய்த் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "தாத்தா கால் இவ்ளோ சின்னதாப்பா?" என்று கேட்டாள்.

நாளைக் காலை அந்த இரும்புக் கடைக்குப் போகிறேன். உருக்க அனுப்புவதற்கு முன்னால் அந்த மிதியாவது கிடைக்குமா பார்க்க வேண்டும். கடைக்காரரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இன்று இரவே எனக்கு ஃபோன் போடுங்கள்.