காளி வேஷமும் என் தங்கச்சியும்

குலசை (குலசேகரன்பட்டினம்) முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு நான் காளி வேஷம் கட்ட ஆரம்பித்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நாற்பத்தொரு நாள் விரதம், ஒரு வேளைச் சோறு, தரையில் துண்டு விரித்துப் படுக்கை, எல்லாம் முறைப்படிதான். எங்கள் செட்டில், அதாவது சேர்ந்து வேஷம் கட்டிப் போகிற குழுவில், ஏழெட்டுப் பேர் வருஷா வருஷம் பெண் வேஷம் போடுகிறவர்கள். மீசையை மழித்து, சவுரி வைத்து, மைனிமாரிடம் சேலையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு, தட்டேந்தி வீடு வீடாகப் போவார்கள். ஊரில் ஒருத்தர் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. "ஏல, அப்படியே மகாலட்சுமி கணக்கா இருக்கியே" என்று ஆச்சிமார் நெட்டி முறிப்பார்கள். அது நேர்ச்சை, முத்தாரம்மனுக்குச் சொன்ன வாக்கு, அதில் கேலிக்கு இடமே கிடையாது.

என் சித்தி மகன் பதினாறு வயதில் எங்கள் செட்டில் குறத்தி வேஷம் போட்டான். நாலு வருஷம் விடாமல் போட்டான். விரதத்துக்குக் கையில் கட்டின காப்பை அறுத்த மறுநாள் எல்லோரும் மஞ்சளையும் மையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்க, இவன் மட்டும் கண் மையைக் கழுவாமல் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அதற்கு அர்த்தம் புரியவில்லை. அடுத்த வருஷம் வீட்டை விட்டுப் போனான், ரொம்ப நாள் கழித்துத் திரும்பி வந்தது என் தங்கச்சி. இப்போது கோவில்பட்டிப் பக்கம் தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறாள். வந்ததும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணே, இந்த வருஷம் நம்ம செட்டுல நானும் காப்பு கட்டிக்கிடட்டுமா?"

செட்டில் கூடிப் பேசினார்கள். பெரியவர் ஒருத்தர் முடிவாகச் சொன்னார்: "வேசம்னா சரி மருமவனே. இது வேசம் இல்லைலா. சாமி காரியம், குத்தம் வந்திரும்."

அவர் மோசமான ஆள் கிடையாது. என் அப்பா செத்த அன்றைக்கு முதலில் வந்து தோள் கொடுத்தவர். அவருக்கு நிஜமாகவே பயம், அம்மன் கோபிப்பாள் என்கிற பயம். நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை, அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

டிவி விவாதங்களில் இதை எப்போதும் இரண்டு கட்சியாகப் பிரித்து உட்கார வைக்கிறார்கள். ஒரு பக்கம் மத நம்பிக்கை உள்ளவர்கள், இன்னொரு பக்கம் திருநங்கைகள், திருநம்பிகள், தன்பாலின ஈர்ப்பாளர்கள். இந்த இரண்டாவது கட்சிக்காரர்களுக்கு சாமியே இல்லாத மாதிரி! என் தங்கச்சி வீட்டில் முத்தாரம்மன் படம் இருக்கிறது, பக்கத்திலேயே திருநங்கைகள் கும்பிடுகிற கூவாகம் கூத்தாண்டவர் (அரவான்) படமும் இருக்கிறது, செவ்வாய் வெள்ளி விளக்கு தவறாது. "சாமியெல்லாம் பொய், அதை விட்டு வெளியே வாங்க" என்று அவளுக்கு ஆதரவாகப் பேச வந்த ஒரு படித்த பையனிடம் அவளுக்கு வந்த கோபம், எங்கள் செட் பெரியவரிடம்கூட வந்ததில்லை.

அரசியலமைப்பின் 25ஆவது பிரிவைத்தான் மத உரிமைக்கு எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். அதை ஒரு தடவை முழுசாகப் படித்துப் பாருங்கள். பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், அந்தப் பகுதியில் உள்ள மற்ற அடிப்படை உரிமைகள், இத்தனைக்கும் உட்பட்டு, எல்லா மனிதர்களுக்கும் சமமாக அந்த உரிமை உண்டு என்று இருக்கிறது. எல்லா மனிதர்களுக்கும். கோயில் சாவி வைத்திருக்கிறவருக்கு மட்டும் என்று எங்கேயும் இல்லை.

இது நம்ம சீமையிலேயே நீதிமன்றம் சொன்ன விஷயம்தான். 2018 அக்டோபரில் தூத்துக்குடி சங்கர ராமேஸ்வரர் கோயிலில் ஒரு ஆணும் ஒரு திருநங்கையும் கல்யாணம் செய்துகொண்டார்கள். கல்யாணம் நடந்ததற்குச் சான்று தரக் கோயில் தரப்பு மறுத்தது, பதிவு அலுவலகத்திலும் பதிய மறுத்துவிட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்புச் சொன்னார்: இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்று இருக்கிற சொல்லில் திருநங்கையும் அடக்கம். எனக்கு அதைவிடப் பெரிசாகப் பட்டது இன்னொரு வரி. இவர்கள் கோயிலில் முறைப்படி கல்யாணம் செய்தவர்கள், அதைப் பதிய மறுத்ததால் இவர்களுடைய 25ஆவது பிரிவு உரிமையும் பறிபோயிருக்கிறது என்றார். அதாவது மத உரிமை மீறப்பட்டது திருநங்கைக்கு. இதை எங்கள் செட் பெரியவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கோயில்லயா தாலி கட்டுனாவ?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது மறுபக்கத்துக்கும் வருகிறேன். பாளையங்கோட்டைப் பக்கம் எனக்குப் பழக்கமான ஐயர் ஒருத்தர் இருக்கிறார் (வெளியூர்க்காரர்களுக்கு: இங்கே சபைப் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்). இரண்டு ஆண்களுக்குத் திருமண ஆராதனை நடத்தச் சொன்னால் என் மனசாட்சி இடம் கொடுக்காது என்கிறார். சரி, நடத்த வேண்டாம். அவர் கையைப் பிடித்து ஆசீர்வதிக்க வைக்க எந்த அரசாங்கத்துக்கும் உரிமை இருக்கக் கூடாது என்றுதான் நானும் சொல்லுவேன். 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவை ஓரளவுக்குச் செல்லாதபடி ஆக்கியது, ஒரே பாலினமானாலும் வயது வந்த இரண்டு பேர் சம்மதத்தோடு சேர்ந்து இருப்பதைக் குற்றம் இல்லை என்றது, அவ்வளவுதான். ஒரே பாலினத்தவரின் கல்யாணத்துக்கு 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் அங்கீகாரம் தரவில்லை. ஆக ஐயரை யாரும் இப்போது நெருக்கவும் இல்லை.

ஆனால் ஆராதனை நடக்கிற இடத்தோடு அவர் நிற்கவில்லை. சபை நடத்துகிற பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், வாடகைக்கு விடுகிற கடை, எல்லாவற்றுக்கும் அதே மனசாட்சியை நீட்டுகிறார். அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. காய்ச்சலுக்கு ஊசி போடுவதில் எந்த வேத வசனத்துக்குப் பங்கம் வரும்? படிப்பு, வேலை, வைத்தியம், குடியிருப்பு இவற்றில் திருநர்களை ஒதுக்கக் கூடாது என்று 2019ஆம் வருஷத்துத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமே சொல்லுகிறது. நடைமுறையில் என்ன? என் தங்கச்சிக்கு வீடு பார்க்க நாலு ஊர் அலைந்தோம். மூன்று மதத்துக்காரர்களும் ஒரே மாதிரி, "வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோமே" என்றார்கள். நம்ம ஊரில் இவ்வளவு மத ஒற்றுமையை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை.

இன்னொன்று, சாமியாடியிடமும் ஜெபக் கூட்டத்துக்கும் தர்காவுக்கும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போவது. திருநங்கைகளுக்காவது அரவான் கதை, அர்த்தநாரி என்று பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருக்கிறது. ஒரு பையன் இன்னொரு பையனை விரும்பினால் நம்ம பக்கத்தில் அதற்குக் கதையும் இல்லை, மரியாதையான ஒரு சொல்லும் இல்லை, நேராகப் பேய் ஓட்டுவதுதான், இல்லையென்றால் கால்கட்டுப் போடுவது, அப்புறம் கட்டிக்கொண்டு வந்த பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து நாசம். மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி ஓடிய இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில், 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இந்த ஈர்ப்பை 'குணப்படுத்துகிறோம்' என்று வைத்தியம் பார்ப்பதைத் தடை செய்தார். இதைப் பற்றித் தனக்கே தெளிவில்லை என்று சொல்லி, உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதியவர் அவர். அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படி வைத்தியம் செய்வது மருத்துவருக்குத் தொழில் ஒழுங்கீனம் என்றது. வைத்தியருக்குக் கடிவாளம் போட்டாயிற்று. வயது வந்தவர் தானாக விரும்பிப் போய் முழங்கால் போட்டு ஜெபித்தால் அது அவர் பாடு, அதில் சட்டம் தலையிட வேண்டாம். பதினைந்து வயதுப் பிள்ளையைச் சங்கிலியில் கட்டிப்போட்டு வேப்பிலையால் அடித்தால் அது அடிதான், எந்தச் சாமி பேரைச் சொன்னாலும்.

"காலம் காலமா வார வழக்கம்" என்று சொல்லுகிறவர்கள் வடக்கன்குளத்துக்கு ஒரு நடை போய் வரலாம். பரலோக மாதா கோயிலுக்குள்ளேயே வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று நடுவில் சுவர் இருந்தது. அதுவும் வழக்கம்தான், அதுவும் சாமி காரியம்தான். 1910இல் சுவரை இடித்தார்கள். தனி இடம் எங்கள் உரிமை என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனவர்கள் தோற்றார்கள். மாதா கோபித்ததாகத் தகவல் இல்லை, திருவிழாவுக்கு இன்றைக்கும் கூட்டம் நெரிகிறது. சிவகாசியில் நாடார்களைக் கோயிலுக்குள் விடாமல் 1899இல் ஊரே பற்றி எரிந்தது, அன்றைக்கு அது நம்ம திருநெல்வேலி ஜில்லா. அன்றைக்கு வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பேரன் பேத்திகள்தான் இன்றைக்கு எங்கள் செட்டிலும் பாதிப் பேர். வாசலில் நிற்கிறவனின் வலி அவர்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

சரி, போன தசராவுக்கு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். தங்கச்சி எங்கள் செட்டுக்கு வரவில்லை. கொடியேற்றத்து அன்றைக்குத் தனியாக பஸ் ஏறிக் குலசைக்குப் போயிருக்கிறாள், கடலில் குளித்துவிட்டு வரிசையில் நின்று, கோயிலிலேயே காப்பு வாங்கிக் கட்டிக்கொண்டாள். அங்கே யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லையாம். எனக்கு இது பத்தாம் நாள் ராத்திரிதான் தெரியும். சூரசம்காரம் முடிந்து கடற்கரையில் நான் முழுக் காளி வேஷத்தில் நிற்கிறேன், சடைமுடி, தகர கிரீடம், நாலு பொய்க் கை, இரவல் சேலை, வாயில் கட்டிய நாக்கு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் வந்தாள். சொந்தக் காசில் வாங்கிய மஞ்சள் சேலை, கையில் காப்பு. என்னைத் தெரியாத மாதிரியே என் தட்டில் பத்து ரூபாயைப் போட்டுவிட்டு, கைகூப்பி, "அம்மா, ஒரு வாக்குச் சொல்லுங்க" என்றாள். பக்கத்தில் செட் பெரியவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நாக்கைக் கழற்றாமல் பேசவும் முடியாது. திருநீறை அள்ளி அவள் நெற்றியில் பூசிவிட்டேன், கை நடுங்கிப் பாதி அவள் கண்ணில் கொட்டிவிட்டது.