பைக் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கற ஷாக் அப்சார்பர்) லீக்குக்கு கெட்டி ஆயில் தீர்வு இல்லைங்க
"ஃபோர்க் லீக் ஆனா கெட்டியான ஆயிலா கொஞ்சம் கூடவே ஊத்துங்க, நின்னுடும்"னு ஒருத்தர் சொல்லியிருக்காரு, தயவுசெஞ்சு யாரும் அப்படி செஞ்சிடாதீங்க. ஆயிலை வெளிய விடாம தடுக்கற ரப்பர் வளையம், அதான் ஆயில் சீல், தேஞ்சோ கிழிஞ்சோ இருக்கும், இல்ல ஃபோர்க் பைப்புல துருவோ கீறலோ இருக்கும், அதனாலதான் கசியுது. அளவுக்கு மேல ஊத்தினா உள்ள காத்துக்கு இடம் கம்மியாகி, ஃபோர்க் அமுங்கறப்போ பிரஷர் எகிறி சீலுக்கு இன்னும் கேடுதான். முதல்ல அதுக்கு வெளிய தூசியைத் தடுக்கற டஸ்ட் சீலை நெம்பி நகத்திட்டு, மெல்லிசான பிளாஸ்டிக் ஷீட்டை ஆயில் சீல் இடுக்குல விட்டு சுத்தி அழுக்கை எடுத்துப் பாருங்க, சில சமயம் மண்ணு மாட்டினதுதான் காரணமா இருக்கும். அப்பவும் கசிஞ்சா சீல் மாத்தியே ஆகணும், ஆயில் மேனுவல்ல சொன்ன கிரேடு, சொன்ன அளவு மட்டும். தள்ளிப்போடாதீங்க, அந்த ஆயில் பிரேக் பேடுல இறங்கினா முன் பிரேக் சரியா பிடிக்காது.