வெறும் கூடுதான் என்று யார் சொன்னது?

கோவைக்கு அடுத்த பாலக்காட்டு எல்லையில், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கஞ்சிக்கோடு பக்கத்து நண்பர்கள் சிலர் பழைய ராணுவப் பொருட்கள் சேர்க்கிறார்கள். தொப்பி, பெல்ட், தண்ணீர்க் குடுவை, பதக்கம் என்று தொடங்கியது, இப்போது கையெறி குண்டு, மார்ட்டார் குண்டு வரைக்கும் வந்துவிட்டது. "செத்த குண்டு, உள்ளே ஒன்றும் இல்லை" என்று சொல்லி ஷோகேசில் வைத்துப் படம் போடுகிறார்கள். அண்மையில் ஒருவர் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு "எங்கே கிடைக்கும், என்ன விலை" என்று பலரும் ஆர்வமாகக் கேட்டிருந்தார்கள். அதில் கல்லூரிப் பையன்களும் இருந்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆர்வம் நல்ல ஆர்வம். ஆனால் இன்றைய நிலையில் நம் நாட்டில் ஒரு கையெறி குண்டின் கூட்டைக்கூட யாரும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அதோடு, செயலிழந்த குண்டுகளை வல்லுநர்கள் சோதித்து, சான்று கொடுத்து, மாவட்ட அருங்காட்சியகங்களில் மக்கள் பார்க்கும்படி வைக்க அரசு ஒரு வழி செய்ய வேண்டும். முதலாவதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது வெறும் மிரட்டல் ஆகிவிடும்.

நான் கோவை பவுண்டரிகளுக்கு, அதாவது வார்ப்பாலைகளுக்கு, பேட்டர்ன் எனும் வார்ப்பு மாதிரி செய்து கொடுப்பவன். எங்களுக்குச் சோறு போடுவது வார்ப்பிரும்பு. அதனால் மில்ஸ் குண்டு என்ற கையெறி குண்டை நான் பார்க்கும் விதம் கொஞ்சம் வேறு. 1915இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் அதை உருவாக்கிய வில்லியம் மில்ஸ் ஒரு பவுண்டரிக்காரர். போருக்கு முன் அலுமினிய வார்ப்பில் கோல்ஃப் மட்டை செய்து விற்றவர். முதல் உலகப்போர் முடிவதற்குள் அந்த வகைக் குண்டுகள் ஏழு கோடிக்கும் மேல் செய்யப்பட்டன. உள்ளே குழிவு, மேலே ஒரு துளை, அடியில் ஒரு துளை, பக்கத்தில் ஒரு துளை, வெளியே கட்டம் கட்டமாக வரிப்பள்ளம். உள்குழிவுக்காக அச்சுக்குள் வைக்கும் கோர் கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு பக்கம் சுவர் மெலிந்துபோகும். அப்படி ஒரு வார்ப்பை, சின்னதும் பெரியதுமான பல பவுண்டரிகளில், ஒன்றின் அடிமூடி இன்னொன்றில் பொருந்தும் அளவுக்குக் கோடிக்கணக்கில் எடுத்திருக்கிறார்கள். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். அந்த வரிப்பள்ளம், வெடிக்கும்போது ஓடு சரியாகத் துண்டாக வேண்டும் என்பதற்காக என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஈரக் கையிலும் சேற்றுக் கையிலும் வழுக்காமல் இருக்கத்தான் அது. வெடிக்கும்போது ஓடு பள்ளத்தின் வழியே உடைவதும் இல்லை, தன் போக்கில் சிதறும்.

அப்புறம் அதன் மேல் இருக்கும் குறிகள். அடிமூடியில் செய்தவர் பெயரும் ஆண்டும் இருக்கும். உடம்பில் வார்த்த பவுண்டரியின் எழுத்து இருக்கும். மெசபடோமியாவின் (இன்றைய இராக்கின்) சூட்டுக்கும் ஈரத்துக்கும் தாங்கும்படி அரக்குப் பூசி அடைத்த வகைக்கு 36எம் என்று பெயர். நம் ராணுவத்தில் அண்மைக்காலம் வரை கைமாறி வந்தது அதுதான். முதலில் ஏழு விநாடி எரிந்த திரி, 1940க்குப் பிறகு நான்கு விநாடி ஆனது. இதையெல்லாம் ஒரு பொருளின் மேலிருந்து படித்தெடுப்பது எவ்வளவு சந்தோஷம் என்று எனக்கும் தெரியும். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் அதே குண்டின் உள்ளமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். நடுவில் ஒரு குழல், அதில் ஸ்பிரிங்கும், அடிக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கரும். அதை ஒட்டி இன்னொரு சின்னக் குழல், மருந்தை வெடிக்க வைக்கும் டெட்டனேட்டருக்கு. இந்த இரண்டு குழல்களுக்கும் வெளி ஓட்டுக்கும் இடைப்பட்ட இடத்தில்தான் வெடிமருந்து. பின்னை உருவி எறிந்ததும் லிவர் பறக்கும், ஸ்ட்ரைக்கர் இறங்கித் திரியைப் பற்றவைக்கும் கேப்பை அடிக்கும், திரி எரிந்து டெட்டனேட்டரை எட்டும், அது வெடித்து மருந்தை வெடிக்க வைக்கும்.

கேப், திரி, டெட்டனேட்டர் மூன்றும் சேர்ந்த செட்டைக் குண்டுக்குள் வைத்து அனுப்ப மாட்டார்கள். பெட்டிக்குள்ளேயே தனி டப்பாவில் இருக்கும். களத்தில் அடிமூடியைத் திருகிக் கழற்றி அப்போதுதான் உள்ளே வைப்பார்கள். மருந்து அப்படி அல்ல. பக்கத்துத் துளை வழியாகத் தொழிற்சாலையிலேயே நிரப்பி, திருகாணி போட்டு அடைத்து வந்தது. இப்போது பழைய இரும்புக் கடைக்கு வாருங்கள். கடைக்காரர் அடிமூடியைத் திருகிக் காட்டி, "பாருங்கண்ணா, வெறும் கூடு" என்கிறார். அவர் காட்டியது காலியான குழல்களைத்தான். மருந்து இருப்பது அடுத்த அறையில், அதற்கு வழி வேறு துளை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. வாங்குகிற நமக்கும் தெரியாது.

கையில் தூக்கிப் பார்த்து எடையை வைத்துச் சொல்லிவிடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். முழுக் குண்டின் எடை சுமார் 765 கிராம். மருந்து அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. எந்தக் கைக்கு அந்த வித்தியாசம் பிடிபடும்?

சாயத்தையும் நம்ப முடியாது. வெள்ளையடித்துத் துளை போட்டிருந்தால் பயிற்சிக் குண்டு என்பது ஆங்கிலேய முறை. அமெரிக்க முறையில் பயிற்சிக்கு நீலம். ஆனால் அந்த நீலக் குண்டில் சத்தத்துக்காகச் சின்ன மருந்தோடு ஒரு ஃப்யூஸ் பொருத்துவார்கள்; பயிற்சிக் குண்டு என்றாலே உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. அதோடு, வெள்ளைச் சாயம் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது.

மதராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்று எங்கள் ஊர்ப் பக்கம் குடியிருக்கும் ஹவில்தார் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "தம்பி, பழகுவதற்கான வெற்று டிரில் குண்டைக் கையில் வாங்கினாலும் அது உயிரோடு இருக்கிறது என்று நினைத்துத்தான் வாங்குவோம். அப்படித்தான் பழக்கினார்கள்" என்றார். வாழ்நாள் முழுக்க அதைக் கையாண்டவருக்கு இருக்கும் பயம், படம் பார்த்து ஆசைப்படும் நமக்கு ஏன் இல்லை?

அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். அங்கே உயிரில்லாத குண்டை வைத்திருப்பது பொதுவாகச் சட்டப்படி குற்றமல்ல, கடை போட்டே விற்கிறார்கள். 2020 ஜூனில் வட கரோலினாவில் ஒரு பழம்பொருள் சந்தையில் வாங்கிய கையெறி குண்டு, அந்த ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி வர்ஜீனியாவின் அபிங்டனில் வெடித்து ஒரு பதின்வயதுப் பையன் இறந்துபோனான். அதே இடத்தில் விற்ற மற்றவையும் உயிரோடு இருக்கலாம் என்று அந்நாட்டு வெடிபொருள் துறை மக்களை எச்சரிக்க வேண்டியிருந்தது. இன்னொன்று 2008இல், அதே வர்ஜீனியாவில். 1860களின் உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டுகளைச் சுத்தம் செய்வதில் பல ஆண்டு அனுபவமுள்ள ஒருவர், தன் வீட்டு வாசலில் அப்படி ஒரு குண்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது அது வெடித்து இறந்தார். நூற்று நாற்பது ஆண்டு கழிந்தும் அந்தக் கருமருந்து சாகவில்லை. சில பழைய பீரங்கிக் குண்டுகளில் நிரப்பிய பிக்ரிக் அமிலம் வயதாக வயதாக உலோகத்தோடு சேர்ந்து முன்னைவிட எளிதில் வெடிக்கக்கூடிய உப்பாக மாறும். பழசானால் பயமில்லை என்பது இந்த விஷயத்தில் தலைகீழ்.

லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. யாராவது குண்டைக் கொண்டுவந்து "ஒரு துளை போட்டுக் கொடு" என்றால் மெஷினை அணைத்துவிட்டு வெளியே போங்கள். எவ்வளவு பழகியவராக இருந்தாலும் சரி.

சட்டத்துக்கு வருவோம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ராக்கெட், வெடிகுண்டு, கையெறி குண்டு, பீரங்கிக் குண்டு எல்லாவற்றையும் தடை செய்யப்பட்ட வெடிக்கருவிகளில் சேர்க்கிறது. அந்த இடத்தில் 'கையெறி குண்டு' என்றுதான் இருக்கிறது. மருந்து உள்ளது, இல்லாதது என்று பிரிக்கவில்லை. அதுமட்டுமல்ல, வெடிபொருள் அடங்கியவை மட்டுமின்றி அதை அடக்குவதற்கென்று வடிவமைக்கப்பட்டவையும், அவற்றின் பாகங்களும்கூட அச்சட்டத்தின் விளக்கத்துக்குள் வருகின்றன. காலிக் கூடு வேறு எதற்காக வடிவமைக்கப்பட்டது? தடை செய்யப்பட்டதை வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின் தண்டனை குறைந்தது 7 ஆண்டு, 14 ஆண்டு வரை போகலாம். பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு உண்டே என்று ஒரு நண்பர் கேட்டார். அந்த விலக்கு, இனித் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாத பழைய ஆயுதங்களைப் பற்றியது. அதை நம்பிக் கையெறி குண்டை பஸ்ஸில் வைத்து மாநில எல்லையான வாளையாறு தாண்டுவது பெரிய துணிச்சல். நீதிமன்றத்தில் ஒருவேளை நியாயம் கிடைக்கலாம். அதுவரைக்கும் யார் வீட்டில் அடுப்பு எரியும்?

நம் பகுதிக்கு இன்னொன்றும் உண்டு. 1998 பிப்ரவரி 14ஆம் தேதி கோவையில் இருந்தவர்களிடம் கேளுங்கள். தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர் போனது. அன்றைக்குத் தெருவில் ஓடியவர்கள் இன்றும் நம் பக்கத்து வீட்டில், நம்மோடு ரயிலில் வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு குண்டை அலங்காரப் பொருளாக வைப்பதற்கு எனக்கு மனம் வராது. அதைப் பார்த்துப் போலீசுக்குச் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரைக் குறை சொல்லவும் மாட்டேன்.

இனி அரசு செய்ய வேண்டியது. 2004 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத் பக்கம் ஓர் உருக்காலையில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்பில் கலந்திருந்த பீரங்கிக் குண்டு வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். போர் நடந்த நாட்டு இரும்பு அது. இன்று பல நாடுகளிலிருந்து துண்டாக்கப்படாத பழைய இரும்பை இறக்குமதி செய்ய வேண்டுமானால், கப்பலேறும் முன்பே சோதித்து, வெடிபொருள் இல்லை என்று சான்று வாங்க வேண்டும். கஞ்சிக்கோட்டில் உருக்காலைகள் இருக்கின்றன, லாரி லாரியாகப் பழைய இரும்பு வந்து இறங்குகிறது. அங்கே வேலை செய்பவர்களுக்கு இந்தச் சான்று எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்படியானால் சோதிக்கவும் சான்று கொடுக்கவும் முடியும் என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. உலைக்குப் போகும் இரும்புக்குக் கிடைக்கிற அந்தச் சான்று, அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டிய பொருளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

இதைக் கேட்க இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. 36எம் குண்டுக்குப் பதிலாக உள்நாட்டிலேயே செய்த புதிய 'மல்டி-மோடு' (பல விதமாகப் பயன்படுத்தக்கூடிய) கையெறி குண்டுக்கு 2020 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டார்கள், பத்து லட்சம் குண்டுகளுக்கு. 2021 ஆகஸ்டில் நாக்பூரில் முதல் தொகுதியை ராணுவத்திடம் கொடுத்தார்கள். அதாவது, நூறு ஆண்டுக்கு மேல் புழங்கிய ஒரு பொருள் விடைபெறத் தொடங்கிவிட்டது. பயிற்சி மையங்களில் இருக்கும் டிரில் குண்டுகளும், குறுக்கே அறுத்து வண்ணம் தீட்டிய பாடக் குண்டுகளும் தேவையற்றுப் போகும்போது உலைக்குத்தான் போகும். மதராஸ் ரெஜிமெண்டின் மையம் நமக்குப் பக்கத்தில், நீலகிரியின் வெலிங்டனில் இருக்கிறது. கோவையில் பழைய ஹாமில்டன் கிளப் கட்டடத்தில் காவல்துறை அருங்காட்சியகம் இருக்கிறது. சான்றளித்த சில டிரில் குண்டுகளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப ஒரு கடிதமும் ஒரு கையெழுத்தும் போதும். பாலக்காட்டுப் பக்கமும் அப்படி ஓர் இடம் வேண்டும். இரண்டாம் உலகப்போரில் பர்மா எல்லை வரை போனவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். தாத்தா கையில் இருந்தது என்ன என்று அவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாகப் பார்க்கட்டும்.

அதுவரை ஆர்வத்தை என்ன செய்வது என்று கேட்டால், எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன். நான் மரத்தில் செய்கிறேன். மில்ஸ் குண்டை நான்கு மடங்கு அளவில், பாதி அறுத்த வடிவில், தேக்கில் கடைந்து, ஸ்ட்ரைக்கர் குழலுக்கு ஒரு நிறம், டெட்டனேட்டர் குழலுக்கு ஒரு நிறம், மருந்து இருக்கும் இடத்துக்கு ஒரு நிறம். யாரும் அதை நிஜமென்று நினைக்க முடியாது, ஆனால் அடிமூடியைத் திருகிக் காட்டுவது ஏன் ஏமாற்று என்று பிள்ளைகளுக்கு ஒரு நிமிடத்தில் புரிகிறது. நிஜ அளவில் பொம்மைக் குண்டு வாங்காதீர்கள். அமெரிக்க விமான நிலையங்களில் அதைக் கைப்பையிலும் விடுவதில்லை, சரக்குப் பையிலும் விடுவதில்லை, காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். பழைய பயிற்சிக் கையேடுகள், வரைபடங்கள், கடிதங்கள், சம்பளப் புத்தகங்கள், முகாம் புகைப்படங்கள் சேருங்கள். முக்கியமாக, ஓய்வு பெற்றவர்களிடம் உட்கார்ந்து பேசி எழுதி வையுங்கள். குண்டின் கூடு எங்கே போனாலும் இருக்கும், அந்த ஹவில்தாரின் நினைவு இருக்காது.

ஏற்கெனவே வீட்டில் இருப்பவர்களுக்கு: அப்பா, தாத்தா விட்டுப்போன பெட்டியில் அப்படி எதுவும் இருந்தால் தொடாதீர்கள், துடைக்காதீர்கள், திருகாதீர்கள், கிணற்றில் போடாதீர்கள். நல்ல எண்ணத்தோடு பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கும் போகாதீர்கள். வீட்டில் இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு 112க்குக் கூப்பிடுங்கள். வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் வருவார்கள். தானாக முன்வந்து சொல்பவர்களைக் குற்றவாளியாக நடத்தக் கூடாது என்பதையும் அரசு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அந்த உறுதி இல்லாததால்தான் பல பெட்டிகள் இன்னும் பரணிலேயே கிடக்கின்றன.

கோவை, பாலக்காடு இரண்டு மாவட்ட ஆட்சியர்களுக்கும் தமிழிலும் மலையாளத்திலும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். சேர விரும்புகிறவர்கள் எனக்கு எழுதுங்கள். குடும்பத்தில் பட்டாளத்துக்காரர் யாராவது இருந்தால் அவரிடமும் படித்துக் காட்டுங்கள், முதல் கையெழுத்துகள் அவர்களுடையதாக இருக்க வேண்டும். மலையாள வரைவைத் திருத்திக் கொடுக்கப் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து ஆசிரியர்கள் யாராவது முன்வந்தால் இந்த மாதத்துக்குள் கொடுத்துவிடலாம்.