ஐந்து ஷில்லிங் அபராதம் போட்டது யார்?

'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று சொல்லாமல் பொதுவாக 'ஹேப்பி ஹாலிடேஸ்' என்று வாழ்த்துவதே அமெரிக்காவில் கிறிஸ்துமஸை ஒழிக்கத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியா? 1659இல் மாசசூசெட்ஸில் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டது நாத்திகர்கள் இல்லை சார், பக்தி முற்றிய பியூரிட்டன் கிறிஸ்தவர்கள். 1681 வரை அது இருந்தது. ரோட் ஐலண்டில் பாவ்டக்கெட் நகராட்சி வைத்த ஏசு பிறப்புக் குடிலுக்கு 1984இல் உச்ச நீதிமன்றமே சரி என்றுவிட்டது, அப்புறம் என்ன ஒழிப்பு? நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். போன டிசம்பரில் கடையில் பில் போடும் பெண், தலையில் மான் கொம்பு மாட்டிக்கொண்டு, சிரித்தபடி 'ஹேப்பி ஹாலிடேஸ்' என்றாள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் 'மெர்ரி கிறிஸ்துமஸ்!' என்று சண்டைக்கு இழுப்பதுபோல் திருப்பிச் சொன்னார். அவள் கழுத்தில் சிலுவைச் சங்கிலி கிடந்ததை மனுஷன் கவனிக்கவே இல்லை.